ஏரிக்கரையில் பார்த்த மாப்பிள்ளை

என் பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

"சார், வீட்டுக்கு அப்புறம் போவோம். ரெண்டு நாளு காட்டுக்குள்ள தங்குவீகளா?"

பீர்மேட்டில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீங்கள் கேட்ட கேள்வி இது. எழுபதுகளின் நடுப்பகுதி. என் தங்கை சரசுவை உங்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டைப் பார்த்துவர, பெண்ணின் அண்ணனாகக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருந்தேன். என் பையில் முறைப்படி பழமும் வெற்றிலையும் பூவும். உங்கள் தோளில் ஒரு சாக்கு. வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்றீர்கள்.

நான் அதை நம்பவில்லை, மாப்பிள்ளை. வீட்டைக் காட்டத் தயங்குகிறவர் எதை மறைக்கிறார்? குடியா, நோயா, இன்னொரு குடும்பமா? ஆளையாவது பார்ப்போம் என்றுதான் பின்னால் நடந்தேன்.

தேயிலை முடிந்து காடு வந்தது. காடு விலகிய இடத்தில் ஏரி, ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரிக் கிடந்தது. சாக்கிலிருந்து ஒரு தார்ப்பாய், இரண்டு கம்பளி, ஒரு சட்டி, அரிசி, கருவாடு எடுத்தீர்கள். அவ்வளவுதான் நம் சாமான். தண்ணீருக்குத் தவிக்கிற ஊர்க்காரன் நான், கரையை ஒட்டியே தார்ப்பாயைக் கட்டச் சொன்னேன்.

"அது மிருகங்க தண்ணி குடிக்க வர்ற வழி, சார். நாமதான் விருந்தாளி. கொஞ்சம் தள்ளி ஒக்காருவோம்."

பழத்தை அன்றைக்கே தின்றுவிடலாம், குரங்கு விடாது என்றீர்கள்.

"அது உங்க ஊட்டுல வெக்கறதுக்குங்க, தம்பி. நடுவழியில தின்னா நல்லாருக்குமுங்களா?" என்று சொல்லி, பையை உயரமான கிளையில் கட்டினேன்.

காலையில் என் தலைமேல் விழுந்தது பழத்தோல். குரங்குகள் வெற்றிலையைக்கூட மென்று துப்பியிருந்தன.

"பூவ மட்டும் விட்டுருச்சுக. சம்பந்தம் பேச வந்திருக்கீகன்னு தெரிஞ்சிருக்கு," என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறுங்கையோடு எப்படி உங்கள் வீட்டுப்படி ஏறுவது? அப்போதுதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள்.

"பழம் போனாப் போகுது, சார். இருந்திருந்தாலும் எங்க வீட்ல அத வைக்க எடமில்ல. எஸ்டேட் லயத்து வீடு, ஒரே ரூம்பு. ஏழு பேரு. நானே ஃபேக்டரி வெறகுக் கொட்டாய்லதான் படுக்கேன். ஒங்களை எங்க படுக்க வைக்கிறதுன்னு தெரியாமத்தான் இங்க கூட்டியாந்தேன்."

அது உங்களை எவ்வளவு வாட்டியிருக்கும்? ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. முந்தின இரவு பெய்த மழையில் தார்ப்பாய்க்குள் என் பக்கம் காய்ந்திருந்தது, உங்கள் கம்பளியில் ஒரு பாதி முழுக்க ஈரம். கிளம்பும்போது அடுப்பை அணைத்து, சாம்பலுக்குள் கையை விட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தீர்கள். பிள்ளைகளின் பரீட்சைத் தாளில் விடையைவிட அதைப் போட்ட வழியைப் பார்க்கிற கணக்கு வாத்தியார் நான்.

ஊரில் நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் கடைசிவரை கேட்கவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

"ஊடு எப்பிடி சாமி இருக்குது?" என்று அம்மா கேட்டது. மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மறைத்தால், அங்கே போய் நிற்கப்போகிறவள் சரசு அல்லவா?

"ஒரே ரூமும்மா. ஏழு பேரு. ஆனா தான் நனஞ்சு என்னை நனையாம பாத்துக்கிட்ட ஆளு."

அம்மாவின் முகம் சுருங்கியது. "அவளையே கேளு," என்றது.

சரசு முறத்தைக் கீழே வைக்கவில்லை. "ஏனுங்ண்ணா, ஒரே ரூமுன்னா கூட்டறது சுலுவுதானுங்களே?"

அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் முடிவானது, மாப்பிள்ளை. நான் சிபாரிசு செய்ததாகத்தான் நீங்கள் நினைத்திருந்தீர்கள், இல்லையா?

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு சரசு என்னோடுதான் இருக்கிறாள். முழங்கால் வலி உண்டு, வாயில் குறைவில்லை. ஏரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று வருஷா வருஷம் சொல்லி நீங்கள் ஏமாற்றியதாகப் புகார். இப்போது அங்கே போக வனத்துறையில் அனுமதி வாங்க வேண்டுமாம். வாங்கிவிடுகிறேன். மழை விட்டதும் அவளை அந்தக் கரையில் உட்கார வைப்பேன், இது என் வாக்கு.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று: வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கப் போனால், ஒரு வேளை அவரோடு வெளியில் அடுப்பு மூட்டிச் சோறாக்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் சரசுவின் அண்ணன்,
என்றும் உங்கள் மச்சான்