முதுகில் ஒட்டிய இலை

மார்ச் 9, சனி. ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்.

மருமகள் ஓவியா நூலகத்திலிருந்து எனக்கு ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தாள். சீக்ஃப்ரீட் என்றொரு ஜெர்மானிய வீரன். டிராகனைக் கொன்று அதன் ரத்தத்தில் குளிக்கிறான். தோல் கொம்பு போல் இறுகிவிடுகிறது, கத்தி இறங்காது. ஆனால் குளிக்கும்போது ஒரு மரத்தின் இலை முதுகில் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த இடம் மட்டும் நனையவில்லை.

டீச்சராக இருந்த நாளில் இதை வகுப்பில் சொல்லியிருந்தால் எண்ணெய்க் குளியலைத்தான் உதாரணம் காட்டியிருப்பேன். எவ்வளவு தேய்த்தாலும் முதுகில் கை எட்டாத ஓர் இடம் இருக்கும், இல்லையா பிள்ளைகளா?

மாலையில் செழியனோடு குளத்தைச் சுற்றி நடந்தேன். வழக்கம்போல என்னைத் தன் வலப்பக்கம் வைத்துக்கொண்டான். ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததில் என் மகனுக்கு இடக் காது போய்விட்டது. எனக்கும் ஓவியாவுக்கும் மட்டுமே தெரியும். ஆபீஸில் எப்போதும் மேசையின் இடது ஓரத்தில் உட்கார்ந்தே பதினைந்து வருடம் சமாளித்துவிட்டான்.

மார்ச் 12

கனவு. செழியன் குழந்தை. எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். எண்ணெய் சிவப்பாக, வெதுவெதுப்பாக. மேலேயிருந்து ஓர் இலை சுழன்று சுழன்று இறங்குகிறது. அதற்கு அவசரமே இல்லை. நான் தட்டிவிடவில்லை. அழகாக இருந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 16, சனி

கோயிலில் சாப்பாட்டு வரிசையில் கஸ்தூரிரங்கன். செழியனோடு வேலை செய்பவர், நம் ஈரோட்டுக்காரர்.

"டீச்சரம்மா, செழியன் புது டீமுக்கு லீட் ஆகப் போறார். நானும் அந்த டீம்தான்."

சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "அப்படின்னா அவனுக்கு வலது பக்கமா உக்காந்துக்குங்க தம்பி. இடது காது சுத்தமா கேக்காது. வெளியில சொல்ல மாட்டான். நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்."

"அட, தெரியவே தெரியாதே! நான் பாத்துக்கறேம்மா."

புளியோதரை நன்றாக இருந்தது. மனசும் லேசாக இருந்தது.

மார்ச் 17

புத்தகத்தின் மீதியைப் படித்தேன். போரில் உன் கணவனைக் காப்பேன் என்று ஒருவன் சொல்கிறான். சீக்ஃப்ரீடின் மனைவி அவனை நம்பி, அந்த இலை விழுந்த இடம் தெரியும்படி கணவன் சட்டையில் சின்னதாக ஓர் அடையாளம் தைத்து வைக்கிறாள். காப்பதாகச் சொன்னவனின் ஈட்டியே சரியாக அங்கே பாய்கிறது.

மூடி வைத்துவிட்டேன். விரலிடுக்கில் ஊசி இருப்பது போலவே இருக்கிறது. சே, கஸ்தூரிரங்கன் நல்ல மனுஷன்.

மார்ச் 27, புதன்

லீட் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. 'பாவம், நாள் முழுக்க போன் கால்ஸ், செழியனுக்குக் கஷ்டம்' என்று கஸ்தூரிரங்கன் மானேஜரிடம் சொல்லியிருக்கிறார். மானேஜரும் இரக்கப்பட்டுவிட்டார். எல்லாரும் நல்லவர்கள்தான்.

"அவர்கிட்ட ஏம்மா சொன்னீங்க?"

"உன்னைப் பாத்துக்கச் சொல்லித்தாண்டா—"

"நாப்பத்தொரு வயசாச்சும்மா எனக்கு. இன்னும் எனக்கு ஆயா வெக்கறீங்க."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்?

மார்ச் 30

நடக்கக் கூப்பிட்டான். ஆனால் என்னை இடப்பக்கம் விட்டான். 'மன்னிச்சுக்கடா' என்றேன். நேராகப் பார்த்தபடி நடந்தான். கேட்கவில்லை.

கேட்க வேண்டாம் என்றுதானே அந்தப் பக்கம்?

ஏப்ரல் 6

கடை வாசலில், கார்கள் நிற்குமிடம் முழுக்க அந்த நீண்ட வால் கறுப்புப் பறவைகள். ஒரே கூச்சல். டிராகனின் ரத்தம் நாக்கில் பட்டதும் வீரனுக்குப் பறவைகளின் பேச்சு புரிந்தது என்று இன்னொரு கதை. யார் வஞ்சிப்பார்கள் என்று அவை முன்கூட்டியே சொல்லினவாம். பிரியத்தால் கெடுப்பவர்களைப் பற்றி ஏதாவது சொல்லினவா? காரில் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு. புத்தாண்டு.

நாலைந்து பேர் சாப்பிட வந்தார்கள், கஸ்தூரிரங்கனும். நான் சமையலறையை விட்டு வரவில்லை. செழியன் குரல் மட்டும் கேட்டது:

"ரங்கன், இந்தப் பக்கம் வந்து பேசுங்க. அந்தக் காது ரிட்டயர் ஆகி முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. மானேஜர்கிட்ட நானே பேசிட்டேன், அடுத்த ப்ராஜெக்ட் என்னோடது. நீங்க இரக்கப்பட்டுடாதீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும்.

மாலையில் நடந்தோம். குளக்கரைப் புல்லில் நீலப் பூக்கள், தண்ணீர் அசையவில்லை. பாதிச் சுற்றில் நின்றான். என்னைச் சுற்றி வந்து, பழையபடி தன் வலப்பக்கம் ஆக்கிக்கொண்டான்.

"அன்னைக்கு ஏதோ சொன்னீங்களேம்மா. இப்பச் சொல்லுங்க."