கன்னிமார் வீட்டுக் கூறைப்புடவை

24-4-73, செவ்வாய்
காலையிலேயே கடும் வெயில். பேத்தி வசந்தா ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புது ஆலையில் வேலை. வந்ததும் வராததுமாக, "பாட்டியோட கூறைப்புடவை வேணும் தாத்தா. அதைக் கட்டிக்கினுதான் மணையில குந்துவேன்."
என் மனைவி பொன்னம்மா அரிசி புடைத்தபடியே, "உங்க தாத்தாவைக் கேளு. எனக்கு இன்னா தெரியும்?"
பூச்சி அரித்துவிட்டது என்றேன். பொய்.

25-4-73, புதன்
காரணத்தை எழுதிவிடுவது நல்லது. பொன்னம்மா பழவேற்காட்டுக்காரி. அவள் கொள்ளுப்பாட்டி, ஏரியில் குளிக்க இறங்கிய கன்னிமார் ஏழு பேரில் ஒருத்தி என்று ஊரில் பேச்சு. கரையில் கிடந்த புடவையை ஒரு மீனவர் ஒளித்துவைத்து அவளை மணந்தாராம். மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு புடவை அவள் கையில் கிடைத்தது. கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினவள்தான். அதனால் அந்த வீட்டில் பெண் எடுப்பவன் கூறைப்புடவையை ஒளித்துவைக்க வேண்டும். தாலி கட்டிய அன்றே மாமனார் தனியே அழைத்துச் சொன்னார்.
"அந்த ஊட்டுப் பொண்ணுங்க காலு ஈரமே காயாது மே" என்பார்கள் அக்கரைப் பெண்கள். நாற்பது வருடமாகக் கவனிக்கிறேன். காய்கிறது.
விஞ்ஞானப் பாடம் நடத்தியவன் நான். ஆனாலும் ஒளித்தேன். எங்கே என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

26-4-73, வியாழன்
மைத்துனன் ஏழுமலை வந்தான். அவனிடம் யோசனை கேட்டது தவறு. "குடுத்துடாதீங்க மாமா! அக்கா ஏரிக்குப் போய்ட்டா உங்களுக்கு நாஷ்டா யாரு குடுப்பா?" ஒரே சிரிப்பு. எனக்கு வரவில்லை.
பொன்னம்மா கிணற்றடியில் இருந்தபோது பரண் ஏறினேன். முழங்கால் வலி. தகரப் பெட்டி. மேலே பழைய வினாத்தாள் 2 கட்டு, அட்டை கிழிந்த அட்லஸ். அடியில் புடவை. அரக்கு நிறம், சரிகை கறுக்கவில்லை. நான்கு அந்துருண்டை, முழுசாக. ஏழு வருடம் முன்பு போட்டவை. இன்னும் கரையவில்லை, நல்ல சரக்கு. எந்தக் கடை என்று குறித்துவைக்காதது என் பிழை.

29-4-73, ஞாயிறு
வசந்தா மாலை ரயிலுக்குப் போக வேண்டும். நான்கு நாளாக என்னோடு பேச்சில்லை. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.
10.20க்குப் புடவையை இறக்கினேன். பொன்னம்மா கையில்தான் கொடுத்தேன், அவளுடையது. பிரித்தாள். உதறினாள். தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.
கொடியில் வெயில் படக் காயப்போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.
"வருசா வருசம் உருண்டை மாத்தறதுக்கு அம்மாம் ஒசரம் ஏறி எறங்கி என் இடுப்பே போச்சு. கொஞ்சம் கீழ வெச்சிருக்கக் கூடாதா?"
மதியம் கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.