முன்னால் தொங்கிய ஹீட்டர் ஒயர்

மே 12, செவ்வாய்.

மாரி ஓட்டும் டாக்சி, பனி கொட்டும் நாட்டிலிருந்து வந்த பழைய கார். அங்கே குளிரில் கரண்டில் சொருகி எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்ப, முன்னால் ஒரு ஹீட்டர் ஒயர் வைத்திருப்பார்கள். ரங்கூன் வெயிலில் அதற்கு வேலையில்லை. என் பட்டறைக்கு வரும் கார்களில் வழக்கமாக வெட்டி எறிந்துவிடுவேன். நகரத்து ஓரம் இன்சீனில் குடியிருக்கும் மாரி போன மாதம் அது என்னவென்று கேட்டான். கரண்டில் சொருகினால் பெட்ரோல் மிச்சம் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன்.

இன்று வந்து கும்பிட்டான்.

"ராத்திரி கரண்டு வந்ததும் ரெண்டு மணி நேரம் சொருகிடறேண்ணே. கூடவே ஃபேன் போட்டா ஃபியூஸ் போயிடுது, அதான் ஃபேன நிறுத்திடறேன். புள்ளைக்குத்தான் ஒடம்பெல்லாம் வேர்க்குரு."

பட்டறையில் எல்லோரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ரெண்டு மணி நேரம் பத்தாது மாரி, விடிய விடியப் போடு" என்றேன்.

இப்போதுதான் கரண்டு வந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. இன்சீனிலும் வந்திருக்கும்.