அதிதிக்கு வைத்த செவ்விளநீர்

காலையில் பள்ளி மண்டபத்துக்குள் நுழைந்ததும் செவ்விளநீரின் பச்சை வாசம் மூக்கில் ஏறியது. வெள்ளைத் துணி விரித்த மேசையில் தலை சீவிய காய்களை அடுக்கியிருந்தார்கள். பின்சுவரில், மாலை போட்டு, உன் படம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று சிறுவர் தினம். சிறுவர்கள் எங்கே என்கிறாயா? வேறெங்கே, வாசலில்தான். கையில் கொடியோடு, கொளுத்தும் வெயிலில், பிரதம அதிதியின் வாகனத்தை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நாம் இருவரும் இங்கே சேர்ந்து படிப்பித்த காலத்திலும் இதே கூத்துத்தான். ஒரு வருடம் முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வரிசையிலேயே சுருண்டு விழுந்தது. நீ யாரிடமும் கேட்கவில்லை. மேசைக் காய்களை ஒவ்வொன்றாக வெட்டினாய். நான் கோப்பை பிடித்தேன்.

"அதிதிக்கு என்ன டீச்சர் குடுக்கிற?" என்று அதிபர் பாய்ந்து வந்தார்.

"தண்ணி குடுங்க சேர். இண்டைக்கு ஆர்ட நாள்?" என்றாய்.

அதற்குத் தண்டனையாக உன்னை வாவிக்கு அப்பால், படுவான்கரைக்கு மாற்றினார்கள். விடியற்காலையில் பஸ், பிறகு படகு, பிறகு நடை. நான் பொரிந்து தள்ளியபோது, "அங்கயும் புள்ளயள்தானேகா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் நோய் உன்னைக் கொண்டுபோகும்வரை அந்த அலைச்சல் ஓயவேயில்லை.

இன்று அதே அதிபர் உன் படத்துக்கு முன்னால் நின்று, "புள்ளயளுக்காகவே வாழ்ந்தவ" என்று பேச்சை ஒத்திகை பார்க்கிறார். உன்னை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியவரும் இவர்தான். என்ன நெஞ்சழுத்தம்.

"வெயில் ஏறுது சேர், புள்ளயள உள்ளுக்கு எடுப்பம்" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்க. அதிதி இப்ப வந்திருவார்."

மேசைக்குக் கீழே கத்தி கிடந்தது. எடுத்து முதல் காயை வெட்டினேன்.

"டீச்சர், அது அதிதிக்கு."

"அந்தா, அவட படத்தப் பாத்துச் சொல்லுங்க."

பிள்ளைகளைக் கூப்பிட்டு, முன்வரிசையில் துணி போர்த்திய கதிரைகளில் சின்னதுகளை இருத்தினேன். கால் நிலத்தில் முட்டாமல் ஆட்டி ஆட்டிக் குடித்தார்கள். அதிதி வந்தபோது அவருக்கு உட்கார இடமில்லை.

எனக்கும் மாற்றம் வரும். வரட்டும். நீ படாத கோபத்தையும் நான்தான் வைத்திருக்கிறேன், படுவான்கரைக்கும் கொண்டுபோவேன்.