அடையாளம்: நரைத்த குடுமி, தாடி

1953 செப்டம்பர் 26, சனி
புரட்டாசிச் சனி. விடியலில் தூறல், அப்புறம் மண்டை பிளக்கும் வெயில். திருப்பதி மலையடிவாரம் அலிபிரியில் கூட்ட டூட்டி. கோவிந்தா சத்தத்தில் காது அடைத்துவிட்டது. செருப்பு வார் கடித்து இடது குதிகாலில் கொப்புளம்.

மாலையில் ஓர் அம்மாள் அழுதுகொண்டே ஸ்டேஷனுக்கு வந்தாள். பேர் குப்பம்மா. நகரியில் தறி நெய்கிற குடும்பம். மகளுக்கு மூன்று குழந்தை பிறந்து பிறந்து போயிற்றாம். நாலாவது தங்கினால் புருஷனும் தானும் சேர்ந்து மலையில் முடி கொடுப்பதாக வேண்டுதல். தங்கிவிட்டது, ஆண். வந்த இடத்தில், மலை ஏறுமுன்பே, புருஷன் முனுசாமி கூட்டத்தில் தவறிவிட்டார். ரைட்டர் மாணிக்கம் எழுதிக்கொண்டான்.

"ஆளு எப்பிடிம்மா இருப்பாரு?"

"ஒல்லியா இருப்பாரு. நரைச்ச குடுமி, தாடி. காது மந்தம் நைனா, கூப்ட்டா திரும்ப மாட்டாரு."

எல்லா அவுட்போஸ்ட்டுக்கும் அப்படியே சொல்லி அனுப்பினோம்.

செப்டம்பர் 27, ஞாயிறு
ஓய்வு நாள், பேருக்கு. சத்திரம் சத்திரமாக ஏறி இறங்கினேன். குடுமிக்காரர்கள் நிறைய. நம் ஆள் இல்லை.

வியாழக்கிழமை ராஜ்யம் பிரிகிறது. ஸ்டேஷனில் ஒரே பேச்சு: யார் மெட்ராஸ் போலீஸ், யார் ஆந்திரா போலீஸ். மாணிக்கம் வேலூர்க்காரன், போகிறான். எனக்குப் புத்தூர், இங்கேயேதான். வீட்டில் பேசுவது தமிழ், சம்பளம் ஆந்திராவில். கூட வேலை செய்யும் ரங்கய்யா கிண்டல் செய்தான்: "நீ பாதி மெட்ராஸ், பாதி ஆந்திரா."

குப்பம்மா ஸ்டேஷன் வேப்பமரத்தடியிலேயே இருக்கிறாள். என் சம்சாரம் சோறு கட்டிக் கொடுத்தாள். "அவரு துன்னாரோ இல்லியோ" என்று குப்பம்மா பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை.

செப்டம்பர் 28, திங்கள்
மழை. சைக்கிள் பஞ்சர்.

சந்திரகிரிப் பக்கமிருந்து தகவல். மலையிலிருந்து அந்தப் பக்கம் இறங்கும் பழைய படி வழியில் அடையாளம் தெரியாத ஆண் பிணம். வயது அறுபதுக்குள். காயம் இல்லை, மார்வலியாக இருக்கலாம். தலை மொட்டை, முகம் மழித்தது. ரங்கய்யா உரக்கப் படித்துவிட்டு, "திருப்பதியில மொட்டத் தலைய அடையாளம் சொல்றானுங்க பாரு!" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நம் ஆளுக்குக் குடுமி, தாடி. தகவலை ஓரமாக வைத்தாயிற்று.

செப்டம்பர் 30, புதன்
மாணிக்கம் புறப்பட்டான். பெட்டி, படுக்கை, ஒரு ஸ்டவ். ஆறு வருஷம் ஒரே ஸ்டேஷன், ஒரே குடை. ரயிலடி வரை படுக்கையை நான் தூக்கிப் போனேன். வண்டி நகரும்போதுதான் சொன்னான்.

"அந்தம்மாவ வுட்றாதடா. நீயும் இல்லன்னா அதுக்குப் பேசறதுக்குக்கூட ஆள் இல்ல."

அழுதுவிட்டேன். போலீஸ்காரன் அழுதால் ஜனங்களுக்கு வேடிக்கை.

அக்டோபர் 1, வியாழன்
இன்று முதல் ஆந்திர ராஜ்யம். அணிவகுப்பு, கொடி, பேச்சு. பூந்தி கொடுத்தார்கள். ரப்பர் முத்திரை மட்டும் பழையது, புதியது வரும்வரை அதையே குத்தச் சொல்லியிருக்கிறது.

என் பங்குப் பூந்தியைக் குப்பம்மாவிடம் கொடுத்தேன்.

"இன்னாத்துக்கு நைனா இது?"

"ராஜ்யம் பிரிஞ்சிடுச்சிம்மா."

"அப்ப அவர யாரு தேடுவாங்க? மெட்ராஸ் போலீசா, நீங்களா?"

"நான் தேடறம்மா."



அக்டோபர் 2, வெள்ளி
அலிபிரி டூட்டி. படியிலிருந்து இறங்கி வந்த மொட்டை ஒருவன் நேராக வந்து என் தோளில் கை போட்டான். லத்தியை ஓங்கிவிட்டேன்.

"ஏரா, நேனேரா!"

நான்தான்டா என்கிறான், ரங்கய்யா! லீவில் போய் முடி கொடுத்து, மீசையும் எடுத்துவிட்டு வந்திருக்கிறான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பவனை எனக்கே தெரியவில்லை. அவன் சிரித்தான். எனக்குச் சந்திரகிரி மொட்டை ஞாபகம் வந்தது. முடி கொடுக்கத்தானே வந்தார் அந்த மனுஷர்! ஒரு வாரமாக ஊரெல்லாம் குடுமியைத் தேடியிருக்கிறோம். என்ன புத்தி எங்கள் புத்தி.

லீவில் இருந்த ரங்கய்யாவையே என் இடத்தில் நிறுத்திவிட்டுச் சந்திரகிரிக்குச் சைக்கிள் மிதித்தேன். செவ்வாயன்றே புதைத்துவிட்டார்கள். வேட்டியும் துண்டும் மட்டும் மூட்டையில்.

நாளை குப்பம்மாவைக் கூட்டிப் போய்த் துணியைக் காட்ட வேண்டும்.

அக்டோபர் 3, சனி
மறுபடி புரட்டாசிச் சனி. குப்பம்மாவைச் சந்திரகிரிக்குக் கூட்டிப் போனேன். துணி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மூட்டையைப் பிரித்ததும் துண்டை எடுத்தாள். ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை. அதில் விரலை விட்டபடி உட்கார்ந்துவிட்டாள்.

"தெச்சிக் குடுக்கறேன்னு சொல்லிக்கினே இருந்தேன்."

புதைத்த இடத்தைக் காட்டினேன். மழையில் மண் தாழ்ந்திருந்தது. மண்ணில் புரண்டு அழுதாள். எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"தல மொட்டயா இருந்துச்சா நைனா?"

"ஆமாம்மா."

"நான் முன்னால ஏறிட்டேன்னு நெனச்சிக்கினு ஏறி இருப்பாரு. மேல மொட்ட அடிச்சிக்கினு, என்னத் தேடிக்கினே இந்தப் பக்கமா எறங்கி இருப்பாரு. பாவி நான் கீழயே குந்திக்கினு இருந்தேன்."

எனக்குத் தாங்கவில்லை. துண்டில் ஒட்டிய மண்ணைத் தட்டி அவளிடம் கொடுத்தேன்.

அக்டோபர் 4, ஞாயிறு
வெயில். காலையில் குப்பம்மா மலை ஏற வேண்டும் என்றாள். துணைக்குப் போனேன். பாதிப் படியில் நின்றுவிட்டாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"இப்ப நான் மொட்ட அடிச்சிக்கினு ஊருக்குப் போனா, புருஷன் செத்ததுக்கு அடிச்சிக்கினான்னுதான் நைனா சொல்லுவாங்க. பேரனுக்குன்னு ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"நான் வந்து சொல்றம்மா."

"நீ போலீசு. நீ சொன்னா நம்புவாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரும் பேரனுக்குத்தான் அடிச்சிக்கினாருன்னு சொல்லு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் குடுத்தோம்னு சொல்லு."

சரி என்றேன். மேலே ஏறினோம்.