சேந்தனின் வலக்கைக்காக விடுத்த ஓலை

வானம் வழங்குக, வையம் தழைக்க. வெண்கரை நாடு ஆளும் பெருந்தேவி, அலை காத்த நாயகி, குடி புரந்த செல்வி நங்கைமாதேவியாரின் திருமுன்னர், எதிர்க்கரைப் பொன்னெயில் வேந்தர் வயமான் கோவின் ஆணையால் முதலமைச்சன் ஆதிச்சன் வணங்கி விடுக்கும் ஓலை. தேவியாரும் ஆநிரையும் குடிகளும் நலமே விளங்குக. எங்கள் நலத்தை எழுதும் நிலையில் நாங்கள் இல்லை.

நம் பேரேரியின் மதகைக் கோடையில் முதலில் திறப்பவர் யார் என்ற வழக்குக்கு, நம் முன்னோர் வாளை உறையிலிட்டு மட்டைப்பந்து ஆட்டத்தை நடுவராக வைத்ததைத் தேவியார் அறிவீர்கள். படைவீரர் ஆடலாகாது, தொழில் செய்து பிழைக்கும் குடிகளே ஓய்ந்த வேளையில் பழகி ஆடவேண்டும் என்பது உடன்படிக்கை. சென்ற கோடையில் எங்கள் முதல் மட்டையாளன், நெசவாளி கீரன், உங்கள் படகோட்டி சேந்தன் எறிந்த பந்து தாடையில் பட்டு வீழ்ந்தான். ஆட்டம் தோற்றோம். தாடை கூடிற்று, அச்சம் ஆறவில்லை. பந்து கையைவிட்டுப் புறப்படும் முன்பே அவன் கால் பின்வாங்கும், உடல் ஒருபுறம் சாயும், மட்டை மட்டும் தனியே நீண்டு பந்தைத் தேடும். அவனுக்குப் பதில் நிறுத்த எங்களிடம் ஆளில்லை. நாற்றங்காலோ நீரின்றி மஞ்சளாய்ப் பழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு விடியலில் சேந்தன் தனியே படகில் வந்து கீரனின் வாசலில் நின்றான். தன் பந்தால் ஒருவன் கால் அச்சத்தில் செத்துக் கிடப்பதைக் கேட்டபின் தனக்கு எறியக் கை எழவில்லை என்றான். கீரன் கதவை அடைத்தான். மறுநாளும் சேந்தன் வந்தான்; கதவு திறந்தது.

அவன் முதலில் மட்டையை வாங்கி வைத்துவிட்டு, கீரனின் பாதங்களை நனைத்து, மெல்ல உருட்டிய பந்தை நோக்கி அடியெடுத்து வைக்கச் செய்தான். ஈரச்சுவடு, ஆட்டக்காரன் பின்னே நட்ட குச்சிகளின் அருகிலேயே நின்றுவிட்டதைக் கண்டு கீரன் வெட்கினான். பந்து விழும் இடத்துக்கு முன்காலைக் கொண்டுசெல்லவும், அதன்மேல் தலை நிற்கவும், மட்டை காலை ஒட்டி வரவும், பந்து குட்டையாக விழுந்து எழும்பினால் விலகி ஓடாமல் பின்காலைக் குறுக்கே வைத்து நிமிரவும் நாள்தோறும் பழக்கினான். தறியில் மிதி மாற்றும்போது காலைப் பாராமல் நூலையன்றோ பார்க்கிறாய், இங்கும் என் முகத்தை விட்டுப் பந்தைப் பார் என்றானாம். அன்று கீரனின் கால் தானாக நகர்ந்தது. பழைய வேகத்திலேயே சேந்தன் எறிய, கீரன் முன்னேறி மட்டையின் நடுவில் வாங்கினான். இருவரும் கட்டிக்கொண்டு அழுததைக் கண்டோர் உண்டு.

அன்று சேந்தனின் படகு திரும்புகையில் உங்கள் துறைக்காவலர் அவனைப் பிடித்தனர். பகைவனுக்கு வித்தையை விற்றான் என்று, வரும் முழுநிலவு நாளில் அவன் வலக்கையைத் துணிக்கத் தீர்ப்பாயிற்று எனக் கேட்டு எங்கள் அவை கூடியது. அவன் விற்கவில்லை, தேவி. எங்கள் கரையில் ஒரு பிடி அவலும் அவன் உண்டதில்லை.

கீரன் அவையில் விழுந்து கதறிய சொல்லை மெருகிடாமல் எழுதுகிறோம்: “எங்காலு நகந்ததே அவனாலதான் சாமி. அந்தக் கை போயிட்டா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் மட்டையத் தூக்குவேன்? தண்ணிய அவங்களுக்கே உட்ருங்க.”

உழவர் தலைவர் வேட்டனார் சினந்தெழுந்து, “ஒருத்தன் கைக்காக ஊரு பயிரு காயணுமா?” என்றார். கீரன் அவர் காலைப் பற்றினான். வேட்டனார் அவனைக் குனிந்து பார்த்தார். பின் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தில் பொத்திக்கொண்டு, “உடுங்க சாமி, பயிர மறுபடி வெக்கலாம்” என்று அமர்ந்தார்.

ஆகவே எம் வேந்தர் ஆணை இது: இவ்வாண்டு ஆட்டத்திலிருந்து பொன்னெயில் விலகுகிறது. முதல் நீர் வெண்கரைக்கே உரியது. எங்கள் பக்கத்து மதகின் திறவுகோல் இவ்வோலையோடு வருகிறது. சேந்தனின் கையை விட்டருள்க. தீர்ப்புக்கு ஒரு கை வேண்டியே ஆகுமெனில், ஓலை சுமந்து உங்கள் முன் நிற்பவன் கீரனே. தன் கையைத் தர வந்திருக்கிறான். தடுத்துப் பார்த்தோம், அடங்கவில்லை.

வேந்தர் திருமுன் நாரை இலச்சினை பொறித்து, அவையோர் அறிய விடுத்தோம். நிலவு வளர்கிறது, தேவி. விரைந்தருள்க.