ஹார்னும் பிரேக்கும் சேர்ந்தால் திறக்கும் பெட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கைகால் நலத்தோடு இருக்கிறோம், நம் மெக்கானிக் கடையின் முன்பக்கக் கண்ணாடிக்குத்தான் நலமில்லை, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எந்நேரமும் அதே நினைப்புதான் எனக்கு. இதைத் தபாலில் போடாமல் உன் தங்கச்சி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவளை வாசலில் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருப்பாய், எனக்குத் தெரியாதா உன்னை. போதும், கண்ணைத் துடை. அவளைக் குளிக்கச் சொல், குழைய வேகவைத்து ஏதாவது கொடு, முன்பல் இரண்டு இல்லை, கடிக்க முடியாது. அவள் தூங்கின பிறகு மீதியைப் படி. என்ன நடந்தது என்று அவளிடம் கேட்காதே. போலீஸிடம், டாக்டரிடம், வக்கீலிடம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. உனக்கும் ஒரு தரம் சொல்ல வேண்டாம் என்றுதான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவள் புருஷனை மாப்பிள்ளை என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது, கொத்துச்சாவி என்றே எழுதுகிறேன். இடுப்பில் அந்தச் சாவிக்கொத்தைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு நடப்பானே, கிடங்கில் எல்லாப் பூட்டுக்கும் நான்தான் பொறுப்பு என்று நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து பெருமை பேசினானே, அதில் பாதி கிடங்குச் சாவியே இல்லை. வீட்டுக் கதவு, பீரோ, சமையலறை அலமாரி எல்லாம் அதில்தான். காலையில் இவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் தீட்டும் வேலைக்குக் கிளம்பும்போது மோட்டார்சைக்கிள் சாவியை மட்டும் கழற்றிக் கொடுப்பான், சாயங்காலம் உள்ளங்கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொள்வான். வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புப் பெட்டி இவள் சம்பளத்தில் வாங்கி மாட்டியது. அதையும் ஒருநாள் காலி பண்ணிப் பூட்டி, சாவியைக் கொத்தில் சேர்த்துவிட்டான். உனக்குத் தனியா பெட்டி எதுக்கு, என்னத்த ஒளிக்கப் போற என்று கேட்டானாம். கேள்விக்கு இவள் பதில் சொன்னாள், அதற்காக ஹெல்மெட்டாலேயே தலையில் அடித்தான். வண்டியில் இருந்து விழுந்துவிட்டாள் என்று உனக்குப் போன் போட்டுச் சொன்னானே, நீகூடப் பார்த்து ஓட்டச் சொல்லுங்க என்றாயே, அது இதுதான்.

எங்களிடம் அவள் வாய் திறந்ததே, வண்டியை சர்வீஸுக்கு விடுகிற சாக்கில் நம் கடைக்கு வந்த அன்றுதான். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள், நான் கையில் கிடைத்த ஸ்பேனரோடு கிளம்பிவிட்டேன், உன் அப்பாதான் வாசலை மறித்து நின்றார். இங்கேயே இருந்துவிடு என்றேன். அவன் அண்ணனைக் கூட்டிட்டு வந்து இழுத்துட்டுப் போயிடுவான்மா, அக்கா ஊருக்குத்தான் போகணும், அங்க வேலைக்கு சர்டிபிகேட் வேணும், அது அவன் பீரோவுல இருக்கு என்றாள். பீரோ திறந்திருக்கும் நேரம் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவாள், ஆனால் வைக்க இடமில்லை, பையைத் தினமும் கொட்டிப் பார்க்கிறான். உன் அப்பா வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தப் பெட்டியிலயே வை என்றார். அவன் தேடாத ஒரே இடம் அவன் பூட்டிய இடம்தான், சாவி இடுப்பில் இருக்கும்வரை அதைத் திறந்து பார்க்க அவனுக்குத் தோன்றாது என்றார். உன் அப்பா வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், அன்றைக்கு அந்த வருஷத்துக்கே பேசிவிட்டார்.

உடனே வேலையை ஆரம்பித்தார். கீல் கம்பியைத் தட்டி எடுத்து மூடியைப் பின்பக்கமாகக் கழற்றினார், உடைக்கப் போட்டிருந்த ஒரு காரின் கதவில் இருந்து பூட்டை இழுக்கிற குட்டி மோட்டாரைப் பிடுங்கி உள்ளே வைத்தார், பூட்டின் நாக்கில் ஒரு கம்பியைக் கோத்து மோட்டாரோடு சேர்த்தார். மூடி தானாக எழும்ப அதே காரின் டிக்கி ஸ்பிரிங், சின்னப் பெட்டிக்கு அது ரொம்ப முரடு, இருந்தது அதுதான். ரிமோட் வைத்தால் பையில் சிக்கும், புதுப் பட்டன் வைத்தால் கண்ணில் படும், அதனால் இருக்கிற பட்டனையே வேலை வாங்கினார். பிரேக் லைட் வயரில் இருந்து ஒன்று, ஹார்ன் வயரில் இருந்து ஒன்று, இரண்டிலும் ஒரே நேரத்தில் கரண்ட் வந்தால் மோட்டார் இழுக்கும், பெட்டி திறக்கும். எந்தப் பயலுக்கும் இது தோணாது என்றார். கடைக்குள் நின்ற வண்டியில் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தோம், டப் டப்பென்று திறந்தது, நான் கைதட்டினேன். ஓடுகிற வண்டியில் மனுஷன் எப்போது ஹார்னையும் பிரேக்கையும் சேர்த்து அமுக்குவான் என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. காலமெல்லாம் நிற்கிற வண்டியோடு வாழ்ந்தவர், ஓட்டினாலும் நாய்க்கு வழிவிட்டு இறங்கித் தள்ளுகிற ரகம், அவருக்கு எங்கே தெரியும். மறுநாளே ஒரு பஸ் குறுக்கே வந்தது, பெட்டி நடுரோட்டில் வாயைப் பிளந்தது, நல்லவேளை காலி. கண்ணாடிக் கடைப் போனில் இருந்து கூப்பிட்டுச் சொன்னாள். இவர் சொன்ன வைத்தியம், ஹார்ன் அடிக்காம ஓட்டும்மா. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனையே இவர் தலையில் போட்டிருப்பேன். மறுபடி வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தால் அவனுக்குச் சந்தேகம் வரும், அதனால் ஹார்ன் என்று ஒன்று இருப்பதையே மறந்து ஓட்டப் பழகினாள் உன் தங்கச்சி.

கிளம்புகிற நாள் வந்தது. எல்லாம் பெட்டிக்குள். வேலைக்குப் போகிறவள்போலப் புறப்பட்டு, ரயிலடிக்குப் போகும் ரோட்டில் திரும்பியிருக்கிறாள். கிடங்கில் அன்று பார்த்து வேலைநிறுத்தம், கொத்துச்சாவி ரோட்டோரம் நின்று கதை அளந்துகொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் வண்டிக்குக் குறுக்கே பாய்ந்தான். காலும் கட்டைவிரலும் இவளைக் கேட்காமலே அமுக்கிவிட்டன. பெட்டி திறந்தது. அவன் நிதானமாக வந்து உள்ளே எட்டிப் பார்த்தான், துணியைத் தூக்கினான், சர்டிபிகேட்டைப் பார்த்தான், முதலில் சிரித்தானாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிறகு சாவிக்கொத்தை விரல் நடுவே கோத்துக்கொண்டு முகத்தில் குத்தினான். ஹெல்மெட் கண்ணாடி நொறுங்கிக் கன்னம் கிழிந்தது, அடுத்த குத்தில் பல் போனது. கீழே தள்ளி விலாவில் உதைத்தான், உதைத்துக்கொண்டே இருந்தான். வண்டி ஓரச் சுவரில் சாய்ந்துகொண்டது. சுற்றி ஒரு கும்பல், புருஷன் பெண்டாட்டி சண்டை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றது, நாசமாய்ப் போகிறவர்கள். அவன் எல்லாவற்றையும் பெட்டிக்குள் திணித்து, மூடியை அமுக்கிப் பூட்டி, இப்ப போடி, எங்க போறேன்னு பாக்கறேன் என்றானாம். அந்தப் பூட்டு லேசில் சாவியை விடாது, குனிந்து முகத்தைக் கிட்டே வைத்து ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். அவன் குனிந்தான். இவள் முட்டிபோட்டு ஹேண்டில்பாரைப் பிடித்து எழுந்தாள். ஊரில் உள்ள சாவியெல்லாம் இடுப்பில் வைத்திருந்தவன், வண்டிச் சாவியை அணைக்க மறந்திருந்தான். வலது கையில் பிரேக், இடது கட்டைவிரலில் ஹார்ன். இந்தத் தரம் தெரிந்தே அமுக்கினாள். அந்த முரட்டு ஸ்பிரிங் மூடியைத் தூக்கி அவன் தாடையில் அடித்தது, எலும்பு முறிந்த சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டதாம். அவன் மல்லாந்தான். இவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள், அவன்மேல் ஏறி உட்கார்ந்தாள், அடித்தாள். அவன் கையைத் தூக்கிக் கும்பிட்டான், அதற்குப் பிறகும் அடித்தாள். அதுவரை சும்மா நின்ற கும்பல் அப்போதுதான் ஐயோ பாவம் என்று ஓடிவந்து பிடித்ததாம், யாருக்குப் பாவம் பார் பெரியவளே.

இப்போது அவன் ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கம்பி கட்டிக் கிடக்கிறான், வாய் திறக்க முடியாது, உறிஞ்சிக் குடிக்கிறான். டாக்டரின் வயரிங் உன் அப்பாவுடையதைவிடச் சுத்தம் என்று நான் சொன்னேன், உன் அப்பா சிரிக்கவில்லை. அவன் அண்ணன் கடைக்கு வந்து கண்ணாடியை உடைத்தான், உன் தங்கச்சி எங்கே என்று என் கழுத்தைப் பிடித்தான். சாதுவான உன் அப்பா பாட்டரிக்கு ஊற்றுகிற ஆசிட் ஜாடியைத் தூக்கிக்கொண்டு, கையை எடு என்று மட்டும் சொன்னார். அந்த ஆள் போய்விட்டான், ஆனால் விடமாட்டார்கள். உனக்குப் போன் வரும், அழுவார்கள், அவன் திருந்திவிட்டான் என்பார்கள். அவள் இங்கே இல்லை என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டு வைத்துவிடு. நீ வீடு மாறினதை அவர்களிடம் சொல்லாமல் சோம்பேறித்தனம் பண்ணினாயே, உன் சோம்பேறித்தனத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

ஆனால் எனக்கு அவர்களைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை. இவள் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து தன் கையையே பார்க்கிறாள். அவன் கும்பிட்டப்புறமும் அடிச்சேன்மா, நானும் அவனை மாதிரிதானே என்று கேட்கிறாள். நான் இல்லை என்று ஆயிரம் தரம் சொல்லிவிட்டேன், அம்மா சொல்வது அவள் காதில் ஏறவில்லை. அந்த அடியில் எனக்கு ஒன்றுகூட அதிகமாகத் தெரியவில்லை, ஆனால் நான் கோபக்காரி, என் சாட்சி செல்லாது. நீ நிதானம் உள்ளவள், நீ சொல்லு. அவன் அடித்துவிட்டுத் தூங்கினான், இவளால் தூங்க முடியவில்லை, வித்தியாசம் அதுதான் என்று சொல்லு. கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம் என்று மட்டும் உன் வாயில் வந்தது, நான் ரயிலேறி வந்து உன்னையும் அறைவேன்.

வண்டி லாரியில் வந்து சேரும். உன் அப்பா அழுதுகொண்டே எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மாட்டியிருக்கிறார், இப்போது சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால்தான் பெட்டி திறக்கும், ரோட்டில் வாயைப் பிளக்காது. சாவித் துவாரத்தைத் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிட்டார். ஹார்ன் சத்தம் கேட்டால் இவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, வண்டியை எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதே. பேரனுக்கு என் முத்தம், நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். இன்னும் ஒன்று, மறந்துவிடாதே. புது வீட்டுப் போட்டோ அனுப்பினாயே, அதில் அந்தச் சின்ன அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அவளை அந்த அறையில்தான் படுக்க வைப்பாய், வேறு இடம் உன்னிடம் ஏது. அவள் பையில் துணிக்கு அடியில் அப்பாவின் ஸ்க்ரூடிரைவரை வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் முதல் வேலையாக அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லு, நீ கழற்றிக் கொடுக்காதே, அவளே கழற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா